கடலடியை முதலில் அளக்க வேண்டும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடி துளைத்தும் தண்ணீர் காணாத இடங்கள் நம் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் ஏராளம். ஏறக்குறைய அதே ஆழத்துக் கடல்நீரைக் கொண்டு லட்சத்தீவின் கவரத்தித் தீவுக்குக் குடிநீர் தர வழி கண்டார்கள். 2005-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அங்கே 350 மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கிற்று. வெதுவெதுப்பான மேல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, அடிநீரின் குளிர்ச்சியால் அந்த ஆவியை நன்னீராக்கும் நிலையம் அது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர்! இதே வெப்ப வேறுபாட்டைக் கொண்டு டர்பைனைச் சுழற்றி மின்சாரமும் எடுக்கலாம்.

அப்படியானால், 2000-ஐ ஒட்டித் தூத்துக்குடிக்கு அப்பால் அமைக்க முயன்ற 1 மெகாவாட் மிதவை மின்நிலையம் ஏன் நிறைவேறவில்லை? அங்கே குளிர்நீருக்கு 1,000 மீட்டர் ஆழம் போக வேண்டும். அதுவும் கரைக்கு வெகுதூரத்தில். அவ்வளவு நீளக் குழாயை இறக்கும் முயற்சி கைகூடவில்லை. கவரத்தியிலோ பவளத்தீவின் அடி செங்குத்தாகச் சரிகிறது. கரையிலிருந்து அரை மைலுக்குள்ளேயே வேண்டிய ஆழம் கிடைத்துவிட்டது.

ஆகவே குழாய் வாங்குமுன் கடலடி தெரிய வேண்டும். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு மேடு பள்ளங்களைக் கணிக்கிறார்கள். பாறை எங்கே, சேறு எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். (உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்க்கும் நம்மூர் வித்தை அங்கே செல்லாது!) இந்த ஆய்வுக்கான செலவில் சர்க்கார் கை வைக்கக் கூடாது. புது நிலையம் எதற்கும் பணம் ஒதுக்குமுன், கடலடியின் வரைபடத்தை மக்கள் முன் வைக்கட்டும்.