களஞ்சியத்தின் கணக்கும் நோயாளியின் கணக்கும்

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது எமது அரச வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வருடம் மார்ச் மாத இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாடு காரணமாகத் திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. டொலர் பற்றாக்குறையே அன்றைய பிரதான காரணம். எந்தக் கணினியும் டொலரைத் தேடித் தரப்போவதில்லை. எனினும், இருக்கின்ற மருந்தை எங்கே, எவ்வளவு, எப்போது அனுப்புவது என்ற கேள்வி நெருக்கடி தணிந்த பின்னரும் எஞ்சியே நிற்கின்றது.

கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து பிராந்தியக் களஞ்சியங்களுக்கும், அங்கிருந்து கிராமிய வைத்தியசாலைகளுக்கும் மருந்துகள் செல்கின்றன. இத்தகைய விநியோகத்தைத் திட்டமிடக் கணினியின் துணையை நாடுவது வரவேற்கத்தக்கதே. கையிருப்பு, நாளாந்தப் பாவனை, மருந்து வந்து சேர எடுக்கும் காலம், காலாவதித் திகதி ஆகியவற்றைக் கணித்து, எந்த நாளில் புதிய கட்டளை இடப்பட வேண்டும் என்பதைக் கணினி கூறுகின்றது. நாளொன்றுக்கு 200 மாத்திரைகள் செலவாகும் ஒரு வைத்தியசாலையில், மருந்து வந்துசேர 30 நாட்கள் தேவையெனக் கொள்வோம். மேலதிகப் பாதுகாப்புக்கு 10 நாட்களைச் சேர்த்தால், இருப்பு 8,000 ஆகக் குறையும்போதே கட்டளை இடப்பட வேண்டும்.

ஆனால் இங்கேதான் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. அதே வைத்தியசாலையில் வருடத்தில் 90 நாட்கள் அம்மருந்து இல்லாதிருந்தால், பதிவேட்டில் காணப்படும் பாவனை 55,000 மாத்திரைகள் மட்டுமே. உண்மைத் தேவையோ 73,000. வெறுங்கையுடன் திரும்பிய நோயாளியைப் பதிவேடு அறியாது. பதிவேட்டை மட்டும் நம்பும் கணினி அடுத்த வருடத்திற்கும் 55,000 மாத்திரைகளையே ஒதுக்கும். அது 275 நாட்களில் தீர்ந்துவிடும். மீண்டும் 90 நாட்கள் தட்டுப்பாடு. இல்லாமை இவ்வாறு தேவையின்மையாகத் திரிபடைகின்றது. ஏற்கனவே குறைவாகப் பெற்றுவந்த பின்தங்கிய பிரதேசங்களே இதனால் மேலும் பாதிக்கப்படும். அங்கு அனுபவமிக்க மருந்தாளருக்குத் தெரிந்த உண்மை இயந்திரத்துக்குத் தெரியாமல் போகின்றது.

ஆகவே, வழங்கப்பட்ட மருந்தை மட்டுமன்றி, கேட்டும் வழங்க முடியாமற்போன மருந்தையும் ஒவ்வொரு வைத்தியசாலையும் பதிவு செய்ய வேண்டும். கணினியின் பரிந்துரையை, காரணத்தைக் குறிப்பிட்டுத் திருத்தும் அதிகாரம் மருந்தாளருக்கு வழங்கப்பட வேண்டும். கையிருப்பு விபரங்கள் மாவட்ட ரீதியாகப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபோன விவகாரம் 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. தரவுகளுக்கு மாற்றுப் பிரதி பேணப்படுவது எத்துணை அவசியம் என்பதற்கு அதுவே போதிய பாடமாகும்.

கணினி முடிவெடுக்க உதவலாம். முடிவுக்கான பொறுப்பை அது ஏற்க முடியாது. மருந்துச் சீட்டுடன் வெளியே அனுப்பப்படும் ஏழை நோயாளிக்குப் பதில் கூற வேண்டியவர்கள் அதிகாரிகளே. அந்த நோயாளியையும் கணக்கில் சேர்க்கும் முறையே எமது வைத்தியசாலைகளுக்குத் தேவை என்பதை உரியவர்களுக்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.