பழைய இயந்திர வாளை இரும்புக் கடைக்கு அனுப்பலாமா?

எமது கிராமங்களில் பாவனையின்றிக் கிடக்கும் பொருட்களைக் கணக்கெடுத்தால், நீர் இறைக்கும் இயந்திரங்களுக்கு அடுத்ததாக மரம் அரியும் இயந்திர வாள்களைச் சேர்க்கலாம். ஒரு காலத்தில் ஒரு குடும்பத்துக்கே சோறு போட்ட வாள், இன்று கொட்டிலின் மூலையில் உரப் பைகளுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குவோர் வந்தால் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். இது சரியா என்பதை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

இந்த வாளின் வரலாறு சுவையானது. ஜேர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்ரில் என்பவர் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் வாளையும், 1929இல் பெற்றோலில் இயங்கும் வாளையும் செய்தார். அவற்றை இருவர் சேர்ந்தே தூக்க வேண்டியிருந்தது. தனி ஒருவர் கையாளக்கூடிய வாள்கள் பரவலானது 1950ஐ ஒட்டிய காலத்திலேயே. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைத்துச் செல்லும் வண்டுப் புழுவின் தாடைகளைக் கூர்ந்து பார்த்து, அதே முறையில் பல் அமைத்த சங்கிலியை 1947இல் விற்பனைக்கு விட்டார். இன்றைய சங்கிலிகள் அந்த யோசனையின் வழிவந்தவையே. ஒரு தொழிலாளியின் கூர்ந்த பார்வை ஒரு தொழிலையே மாற்றியது என்பதை எமது இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

அக்காலத்து வாள்கள் பாரமானவை, ஆனால் திருத்தக்கூடியவை. 105 சீ.சீ. அளவுடைய ஸ்ரில் 070 போன்ற வாளைச் சில ஸ்பானர்களும் பொறுமையும் உள்ள ஒருவர் முழுமையாகக் கழற்றிப் பூட்டலாம். இன்று மலிவாகக் கிடைக்கும் வாள்களில் பல, ஒரு பாகம் உடைந்தால் முழுவதையும் வீச வேண்டிய நிலையில் உள்ளன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களின் விலை எங்கு சென்றது என்பதை நாம் மறக்கவில்லை. கையில் இருப்பதைத் திருத்திப் பாவிப்பதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது தன்னில் தங்கி நிற்கும் வழியுமாகும்.

ஆனால் திருத்துதல் என்றால் என்ன? கயிற்றை இழுத்ததும் புகை கக்கி இயங்கினால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். எமது கருத்து வேறு. நெடுநாள் கிடந்த வாளின் கயிற்றை எடுத்த எடுப்பில் இழுப்பதே தவறு. முதலில் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சில துளி ஒயில் விட்டு மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பின்னர் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாக பிஸ்ரனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது வழுவழுப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால், ஒயில் போதாமலோ காற்றுக் கசிந்தோ அந்த வாள் முன்னரே துன்பப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது தீப்பொறி. பழைய வாள்களில் பறக்கும் சில்லுக்கு அடியில் பொயின்ற் இருக்கும். அதில் படிந்த அழுக்கைத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் பொறி வரும். பல வாள்களில் இந்த இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்கும். மூன்றாவது எரிபொருள். தாங்கியில் பசையாகிப்போன பழைய பெற்றோலைக் கொட்டிக் கழுவி, வெடித்த குழாயை மாற்ற வேண்டும். காபுரேற்றருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு காய்ந்து கடதாசி போல விறைத்திருந்தால், எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் ஏறாது. வாளை எந்தப் பக்கம் சரித்தாலும் இயங்கச் செய்வது இந்தச் சவ்வுதான். சிறிய செலவில் மாற்றக்கூடிய இப்பாகத்துக்காகவே பல வாள்கள் இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

நான்காவதே மிக முக்கியமானது. பலர் கவனிக்காததும் அதுவே. சுழல்தண்டின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர் அடைப்புகள் காலப்போக்கில் இறுகிவிடும். அவற்றினூடாகக் காற்று உள்ளே புகுந்தால் கலவை மெலியும். வாள் வழமையிலும் வேகமாக, உற்சாகமாக இயங்குவது போலத் தோன்றும். பார்ப்பவர் மகிழ்வார். ஆனால் பெற்றோல் குறைந்தால் அதனுடன் வரும் ஒயிலும் குறைகிறது. சிறிது நேரத்தில் பிஸ்ரன் சூடேறிச் சிலிண்டருடன் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடைப்புகளைப் பார்க்காமல் வாளை இயக்கிக் காட்டுபவரைத் திருத்துநர் என்று நாம் ஏற்க முடியாது.

1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாண மக்கள், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியது எமது கைத்திறனுக்குச் சான்று. ஆனால் அதே முறையை இயந்திர வாளில் முயலக்கூடாது. இவ்வாளுக்கு ஒயில் தனியாக இல்லை. பெற்றோலில் கலந்தே செல்ல வேண்டும். கைநூல் 25க்கு 1 என்று சொன்னால், 5 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் டூ-ஸ்ரோக் ஒயில். கண்மதிப்பில் ஊற்றுவது கூடாது. சங்கிலிக்கு எரிந்த ஒயில் விடும் வழக்கமும் நிறுத்தப்பட வேண்டும். அதிலுள்ள உலோகத் தூள் ஒயில் பம்பைத் தின்றுவிடும்; தெறிக்கும் ஒயில் தோலுக்கும் மண்ணுக்கும் கேடு.

இனி உயிரைப் பற்றிய விடயம். சங்கிலியை உடனே நிறுத்தும் தடை 1970களிலேயே வாள்களில் பொருத்தப்பட்டது. அதற்கு முந்திய வாள்களில் அது இல்லை. அலகின் நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பி எழும்பும். அவ்வேளை காப்பாற்ற எதுவும் இல்லை. எனவே தடையற்ற வாளைத் தரையில் கிடக்கும் கட்டைகளை அரிய மட்டுமே, அனுபவம் உள்ளவர் மட்டுமே பாவிக்கட்டும். சாரமும் செருப்புமாக, கண்ணுக்கும் காதுக்கும் கவசம் இன்றி வாள் பிடிப்பதை வீரம் என்று நாம் பாராட்டக் கூடாது. யுத்தம் நடந்த பிரதேசங்களில் நின்ற மரங்களுள் சன்னங்களும் ஷெல் துண்டுகளும் புதைந்திருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சங்கிலி அதில் மோதினால் பல் சிதறும்.

வாளைத் திருத்திக் கொடுத்தால் காடு அழியாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கிறது. இயந்திர வாள்களைப் பதிவு செய்யுமாறு 2019இல் அரசாங்கம் அறிவித்தது. இவற்றை மதிக்காத கைக்குப் புதிய வாளும் ஆபத்து, பழைய வாளும் ஆபத்து. மறுபுறம், 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னைகளையும் பெருமரங்களையும் வீதிகளிலும் வீடுகளிலும் சாய்த்ததை மூத்தவர்கள் அறிவார்கள். அப்படியான நாளில் வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்கும் கிராமத்துக்கும், இயங்கும் வாள் ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும் கிராமத்துக்கும் வேறுபாடு பெரிது. வைத்தியசாலைக்குப் போகும் பாதை எப்போது திறக்கப்படும் என்பதில் சில உயிர்களும் தங்கியிருக்கலாம்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை. கிராம அபிவிருத்திச் சங்கங்கள், தமது பகுதியில் கிடக்கும் பழைய வாள்களைக் கணக்கெடுக்கட்டும். அவற்றுள் பிஸ்ரனும் சிலிண்டரும் நல்ல நிலையில் உள்ள ஒன்றை, உரிமையாளரின் சம்மதத்துடன் பொதுச் செலவில் திருத்திப் பதிவு செய்யட்டும். திருத்துபவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, அவரருகில் இரண்டு இளைஞரையும் இரண்டு யுவதிகளையும் அமர்த்தித் தொழில் பழக வைக்கட்டும். யார் எடுத்தார், எங்கே வெட்டினார், அனுமதி உண்டா என்று ஒரு கொப்பியில் எழுதப்படட்டும். வேலை முடிந்ததும் தாங்கியில் மிஞ்சிய பெற்றோலை வெளியேற்றி, சங்கிலியை அரத்தால் தீட்டி வைக்கட்டும். மாதம் ஒருமுறை இயக்கிப் பார்க்கட்டும்.

மாரி தொடங்கும் முன்னர் இதனைச் செய்வது நல்லது. சூறாவளி எச்சரிக்கை வந்த இரவில் காபுரேற்றர் சவ்வுக்குக் கடை தேட முடியாது.