பேட்டரியின் மேல் விழும் பழி

வைகை அணையில் நீர் இருப்பு வாய்க்கும் ஆண்டுகளில், ஜூன் மாதத் தொடக்கத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரையிலுள்ள இருபோக நிலங்களுக்கு மதகு திறக்கப்படும் என்ற செய்தி வந்தவுடனே, கோடை முழுவதும் கொட்டகையில் அசையாமல் நின்ற டிராக்டர்களெல்லாம் வாடிப்பட்டியிலும் அலங்காநல்லூரிலும் ஒரே வாரத்தில் தொழி உழவுக்கு வேண்டியவையாகிவிடுகின்றன. அந்த வாரத்தில்தான் சாவியைத் திருகினால் ‘டக்’கென்ற ஒற்றை ஒலியோடு வண்டி அடங்கிப்போவதும், நாற்று முற்றுகிறதே என்ற கவலையில் விவசாயி மதுரைக்கு ஓடிப் புதுப் பேட்டரி வாங்கி வருவதும் நேர்கின்றன. அவ்வாறு வாங்குகிறவர்களில் பலர் தமக்கு அவசியமே இல்லாத பொருளுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

என் சித்தப்பா அவ்வாறு இரண்டு வருஷத்துக்குள் இரண்டு பேட்டரி வாங்கினார். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பழைய பேட்டரியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஆயுள் முடிந்தது என்றாரேயொழிய, வண்டியை அளந்து பார்க்கவில்லை. மூன்றாம் முறை வண்டி நின்றபோது, மேலூரிலிருந்து வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், “பேட்டரியக் கழட்டாதீங்க அண்ணே, மொதல்ல அளந்து பாப்போம்” என்று சொல்லி, வெளிச் சார்ஜில் வண்டியைக் கிளப்பி, முன்விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரை இரண்டு இடங்களில் வைத்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் முனையில் 14.4 வோல்ட் இருந்தது. பேட்டரி முனையிலோ 12.9தான். இடையில் காணாமற்போன ஒன்றரை வோல்ட், ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜ் ஒயரின் நுனியில், ரப்பர் உறைக்குள்ளே பச்சையாகப் பூத்திருந்த களிம்பில் சிக்கியிருந்தது. ஒரு சாண் ஒயரும் அதன் நுனிக்கு ஒரு புது லக்கும் போட்டதோடு காரியம் முடிந்தது. இரண்டு வருஷமாகப் பாதிச் சார்ஜிலேயே உழைத்த பேட்டரிகளின் மேல் நாங்கள் வீண்பழி சுமத்தியிருக்கிறோம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

சார்ஜ் குறைந்த நிலையில் பேட்டரியைக் கிடக்க விட்டால், தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட் நாளடைவில் கெட்டிப்பட்டு மீண்டும் கரைய மறுக்கிறது. 40 டிகிரியைத் தொடும் நம் கோடையில் இந்தச் சேதம் விரைந்து நடக்கிறது. ஆகவே மூலகாரணத்தைத் தேடாமல் புதுப் பேட்டரியைப் பூட்டுவது, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் சுமப்பதற்கு ஒப்பாகும்.

காரணத்தைத் தேடுவதற்கோ பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி காலையில் 12.6 காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இஞ்சினைக் கிளப்பி வேகத்தைச் சற்றுக் கூட்டியபின் அதே முனைகளில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். எண் ஏறவே இல்லையென்றால், ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்; முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்ததை வெந்நீரால் கழுவ வேண்டும்; சேற்றிலும் துருவிலும் கிடக்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி இரும்பு தெரியத் தேய்க்க வேண்டும். மாறாக எண் 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அப்போது ஆசிட்டிலுள்ள தண்ணீர் குமிழியிட்டு வற்றும். ராத்திரி நன்றாயிருந்து காலையில் இறங்கிப்போகும் பேட்டரியாயின், நிறுத்திய வண்டியிலும் எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது என்று பொருள். பின்னால் சேர்த்த பாட்டுப் பெட்டியாகவும் இருக்கலாம், ஆல்டர்னேட்டருக்குள் கெட்ட டயோடாகவும் இருக்கலாம்.

சாவியைப் போட்டதும் எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. அது எரியவே இல்லையென்றால் குறையொன்றுமில்லை என்று பலர் நிம்மதி கொள்கிறார்கள். ஆனால் பல வண்டிகளில் அந்தச் சிறு பல்பின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்னோட்டம் போகிறது; பல்பு சுட்டுப்போனால் சார்ஜே பிறவாமல் போகலாம்.

விவசாயி மெக்கானிக்கின் வேலையை ஏன் கற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆயில் மட்டம் பார்ப்பதும், டீசல் பில்டர் மாற்றுவதும், ஏர் கிளீனரைத் தட்டுவதும் அவர் நித்தியம் செய்கிற காரியங்களே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மீட்டரைப் படிப்பது அவற்றைவிடக் கடினமன்று. மேலும், 1911இல் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மோட்டார்த் தொழில் தொடங்கிய ஊர் நம் மதுரை. அந்தக் குடும்பத்தின் கூட்டு முயற்சியாக 1961இல் பிறந்த லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் டைனமோவும் ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும் செய்து தேசமெங்கும் அனுப்பி வந்திருக்கிறது. இத்தகைய பாரம்பரியமுள்ள ஜில்லாவில், உழவர் இருட்டில் தடவிப் பேட்டரி மாற்றுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேளாண்மைப் பொறியியல் துறையிடம் என் கோரிக்கை இதுதான்: மதகு திறப்பதற்குப் பத்து நாள் முன்னதாக, அரசு ஐ.டி.ஐ. மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வாடிப்பட்டியில் ஒரு முகாம் நடத்த வேண்டும். அங்கே ஊழியர் வண்டியைச் சோதித்து அனுப்பிவிடாமல், மீட்டரை உழவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்ல வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுவதையும், இஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கினால் டயோடுகள் சுட்டுப்போகலாம் என்பதையும், சார்ஜ் ஏறும் பேட்டரியின் அருகே பீடி பற்றவைத்தால் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும் என்பதையும் அதே இடத்தில் விளங்க எடுத்துச் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலங்களுக்குத் தண்ணீர் போகுமுன், ஆகஸ்டு கடைசியில், அங்கேயும் ஒரு முகாம் வேண்டும்.