பேரவைத் தேர்தலை நடத்துங்கள்

அரசியல் அறிவியல் மாணவர்கள் பிளேட்டோ முதல் ஊராட்சிகள் பற்றிய 73-வது அரசமைப்புத் திருத்தம் வரை படிக்கிறார்கள். ஆனால், தமிழகத்தின் பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை. மாணவர் தேர்தல்கள் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளைச் செயல்படுத்த உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை 18 வயதினருக்கு 1989-லேயே வந்துவிட்டது. தம் பேரவைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர்களுக்குப் பக்குவம் போதாதா? அடிதடி, சாதி மோதல் பற்றிய அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. வேட்பாளருக்கு 5,000 ரூபாய் செலவு வரம்பு, வருகைப்பதிவு நிபந்தனை, குற்றப் பின்னணிக்குத் தடை என்று அந்தக் குழு வேலி போட்டதே அதற்காகத்தான். துறைத் தலைவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: அக்டோபர் 2 கிராம சபைக்கு மாணவர்களை அனுப்பி, அவர்கள் எழுதும் அறிக்கைக்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் தரட்டும். தேர்தல் அறிவிப்பை உயர்கல்வித் துறை இந்தக் கல்வியாண்டிலேயே வெளியிட வேண்டும்.