கட்டியவன் யார்?

திருவண்ணாமலையைப் பற்றிப் புராணக்காரர்கள் சொல்லும் முதல் சங்கதி, அதை நினைத்தாலே முக்தி என்பது. மற்ற ஊர்களில் பிறக்க வேண்டும், அல்லது சாக வேண்டும், அல்லது நேரில் போய்த் தரிசிக்க வேண்டும். இந்த ஊரை மட்டும் இருந்த இடத்திலிருந்தே நினைத்துவிட்டால் போதுமாம். அப்படியானால் பௌர்ணமிதோறும் சென்னையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் வேன் வேனாக ஜனங்கள் வந்து இறங்குவானேன்? நினைப்பே போதுமென்றால் டீசல் எதற்கு? 14 கிலோமீட்டர் தூரம் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவது எதற்கு? நினைத்தவனுக்குக் கிடைக்கிற அதே முக்திதான் நடந்தவனுக்கும் என்றால், நடந்தவன் ஏமாந்தவன் அல்லவா? இதைக் கேட்டால் நம்மை நாஸ்திகர் என்கிறார்களேயொழிய, பதில் சொல்பவர் ஒருவரையும் காணோம்.

இவ்வாறு சுற்றி வருபவர்கள் மலைக்கு மேற்கே அடி அண்ணாமலை என்ற கிராமத்தின் வழியாகப் போகிறார்கள். அங்கே ஒரு பழைய கோயில் இருக்கிறது. அதிலுள்ள லிங்கத்தைப் பிரமனே பிரதிஷ்டை செய்தான் என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜனங்கள் நகர்ந்துவிடுகிறார்கள். பிரமன் வந்தான் என்றே வைத்துக்கொள்வோம். கோயிலைச் சுற்றியிருக்கும் சுவருக்குக் கல் உடைத்தவன் யார்? சுமந்தவன் யார்? கொத்தியவன் யார்? இவனுக்கு ஒரு பெயர் இருந்ததா இல்லையா? இதைக் கேட்பாரில்லை.

வேனில் போகவே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பழைய இடங்களைப் போய்ப் பார்ப்பது நல்லது. ஊரைவிட்டு வெளியே போகாதவனுக்குத் தன் ஊர்ப் பூசாரி சொல்வதே உலகம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம், என்ன கேட்கப் போகிறோம் என்பதுதான் விஷயம். அடி அண்ணாமலையில் ஓர் இருபது வாலிபர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வேனை வாடகைக்குப் பிடித்தால், ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ எவ்வளவு கற்றுக்கொள்ளலாம் என்பதைச் சொல்லுகிறோம்.

புறப்படுமுன் ஊருக்குள்ளேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். பெரிய கோயிலில் வல்லாள ராஜா பேரால் ஒரு கோபுரம் நிற்கிறது. இவர் போசள வம்சத்து மூன்றாம் வல்லாளன். இந்த ஊரையே தலைநகராகக் கொண்டு ஆண்டவர். பிள்ளையில்லாத இவருக்குச் சாமியே பிள்ளையாக இருந்து ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிறார் என்று இன்றும் விழா நடக்கிறது. சரித்திரம் சொல்வது என்ன? 1342-43 வாக்கில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் இந்த வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்; அவர் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைச் சுவரில் தொங்கவிட்டார்கள் என்று இபின் பதூதா என்ற யாத்திரிகர் எழுதி வைத்திருக்கிறார். செத்தபின் வருஷா வருஷம் திதி கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, உயிரோடிருந்தபோது தகப்பனைக் காப்பாற்ற ஏன் தெரியவில்லை?

நிற்க. வேன் முதலில் மேற்கே செங்கம் பக்கம் போகட்டும். அந்தப் பகுதி முழுவதும் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆடுமாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை. அவற்றைத் தொகுத்துத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-ல் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறது. எடுத்தனூரில் கிடைத்த ஒரு கல்லைப் பற்றி மட்டும் சொல்லுகிறோம். அது மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. அதாவது ஏறக்குறைய 1,400 வருஷத்துக்கு முந்தியது. கருந்தேவக்கத்தி என்ற ஒரு சேவகன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். அவன் உருவத்தைக் கல்லில் வெட்டி, பக்கத்தில் அவன் நாயையும் வெட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

இனி வேன் கிழக்கே திரும்பிச் செஞ்சியைக் கடந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டுக்குப் போகட்டும். அங்கே அதே மகேந்திரவர்மன் பாறையைக் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமன், சிவன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் இதை அரசன் செய்வித்தான் என்று சமஸ்கிருதத்தில் சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. அரசன் பட்டப்பேர் இருக்கிறது. மூன்று சாமிகளின் பேரும் இருக்கிறது. உளி பிடித்துக் கருங்கல்லைக் குடைந்தவன் பேர் மட்டும் இல்லை.

தோழர்களே! இந்த இரண்டு கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஒரே அரசன் காலம். சாதாரண ஊர் ஜனங்கள் தங்களுக்கு உழைத்த ஒரு நாயின் பேரைக்கூட மறக்காமல் எழுதினார்கள். அரசனும் புரோகிதனும் சேர்ந்து எழுதிய இடத்திலோ, வேலை செய்த மனிதன் ஒரு நாய்க்குள்ள மதிப்பும் பெறவில்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே வேன் வாடகை கொடுக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

வழியிலுள்ள செஞ்சிக் கோட்டையையும் விட்டுவிடக் கூடாது. 2025-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்த மராட்டியர் கோட்டைகளில் இதுவும் ஒன்று. சிவாஜி 1677-ல் பிடித்த இக்கோட்டையை, பின்னால் ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் வாங்க முடிந்தது. இவ்வளவு வருஷம் எது காத்தது? கோட்டைக்குள் கோயில்களுக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு போட்டது நெற்களஞ்சியம். தண்ணீர் கொடுத்தது குளமும் சுனையும். எதிரியைத் தடுத்தது மலையும் மதிலும். சாமியின் சக்தியோ வேறு விதம். கீழே இருக்கும் வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரன் பெயர்த்துப் புதுச்சேரிக்கு வண்டியேற்றினான். சாமி தன் தூணையே காத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒரு சாரார் குறுக்கிடுவார்கள். "சிற்ப வேலையெல்லாம் மயன் என்ற தேவதச்சன் கற்றுக்கொடுத்தது, அந்த மயனின் வம்சந்தான் அமெரிக்கா வரை போய் மாயா நகரங்களைக் கட்டியது, பேரைப் பாருங்கள், ஒன்றாக இல்லையா?" என்பார்கள். தமிழனுக்குப் பெருமை போலத் தோன்றுவதால் நம் தோழர்களில் சிலர்கூட இதைக் கேட்டு மயங்குகிறார்கள். ஆகவே அந்த மாயா நகரங்களின் சங்கதியையும் கொஞ்சம் விசாரிப்போம்.

அவை மெக்சிகோவின் தென்கிழக்கிலும் குவாதமாலா, பெலிஸ், ஹொண்டுராஸ் நாடுகளிலும் காட்டுக்குள் இடிந்து கிடக்கின்றன. மேல்நாட்டார் வேன் பிடித்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். சிச்சென் இட்சா என்ற ஊரிலுள்ள படிக்கோபுரத்தில் பக்கத்துக்கு 91 படி. நான்கு பக்கமும் சேர்த்து, உச்சி மேடையையும் ஒன்றாக எண்ணினால் 365. இரும்புக் கருவி இல்லாமல், பாரம் இழுக்க மாடும் குதிரையும் இல்லாமல், வண்டிச் சக்கரம் இல்லாமல் இவற்றைக் கட்டினார்கள். பூஜ்யத்துக்குக் குறி வைத்திருந்தார்கள். வெள்ளி கிரகத்தின் போக்கைக் கணக்கெழுதி வைத்தார்கள்.

இதைக் கண்ட வெள்ளைக்காரர்களில் பலர், "இந்தக் கூலிக்காரச் செவ்விந்தியனின் பாட்டனா கட்டியிருப்பான்? எகிப்தியன் வந்து கட்டியிருப்பான், கடலில் மூழ்கிய கண்டத்தான் கட்டியிருப்பான்" என்றார்கள். 1839-ல் அங்கே போன ஸ்டீபன்ஸ், கேதர்வுட் என்ற இருவர் நேரில் பார்த்துப் படம் எழுதி, இந்நாட்டு மக்களின் முன்னோரே கட்டியவர்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். 1952-ல் ரஷ்யாவின் நோரசோவ் அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். படித்துப் பார்த்தபோது கல்லில் இருந்தது அந்நாட்டு மொழி. அந்நாட்டு அரசர்களின் பிறப்பு, பட்டம், போர், சாவு. நம் மகேந்திரவர்மன் காலத்திலேயே பலெங்கே நகரில் பட்டமேறிய பாகல் என்ற அரசனின் கல்லறையும் அகப்பட்டது. அம்மொழிகளை இன்றும் லட்சக்கணக்கான மாயா மக்கள் பேசுகிறார்கள். இதில் மயனுக்கு இடம் எங்கே? இரண்டு சொல் ஒலியில் ஒத்திருந்தால் வம்சம் ஒன்றாகிவிடுமா? வெள்ளைக்காரன் எகிப்தியனைக் கொண்டுவந்தான். நம்மவன் மயனைக் கொண்டுபோகிறான். இருவரும் செய்வது ஒரே காரியந்தான்: உழைத்தவன் பேரை அடிப்பது. மண்டகப்பட்டில் நமக்கு நடந்ததை நாமே இன்னொருவனுக்குச் செய்யலாமா?

மாயா மக்களையும் நாம் தேவர்களாக்க வேண்டியதில்லை. அவர்களிலும் புரோகிதக் கூட்டம் இருந்தது. மழை வேண்டிச் சிச்சென் இட்சாவின் பெரிய கிணற்றில் பொருளையும் மனிதரையும் போட்டார்கள். பிற்காலத்தில் தூர் வாரியபோது எலும்புகள் வந்தன. ஆயினும் வறட்சி வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்த நகரங்கள் பல பாழாயின. வறட்சியும் ஓயாத சண்டையும் அதற்குக் காரணங்களில் சேர்ந்தவை என்று ஆராய்ச்சிக்காரர் கூறுகிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? 2019-ல் மழை வேண்டிக் கோயில்களில் யாகம் செய்யும்படி நம் அறநிலையத் துறையே சுற்றறிக்கை விடவில்லையா? மாயா நாட்காட்டிப்படி 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்று எவனோ கிளப்பிவிட, இங்கேயும் எத்தனை பேர் பயந்தார்கள்! மறுநாள் வழக்கம்போல் விடிந்தது. பயங்காட்டியவர்களில் எவனாவது மன்னிப்புக் கேட்டானா?

ஆகவே, வேன் ஏறும் தோழர்கள் எந்தப் பழைய இடத்தில் இறங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். இதை வெட்டியவன் யார்? அவனுக்குச் சோறு எவன் உழைப்பிலிருந்து வந்தது? கட்டி முடித்த பிறகு உள்ளே விடப்படாதவன் யார்? மூன்றாவது கேள்வி பழங்கதையல்ல. இதே மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முதலாகக் கால் வைத்தது 2023 ஜனவரி 30-ந் தேதி. அதுவும் போலீஸ் காவலோடு! நாயின் பேரையும் கல்லில் வெட்டிய சீமையில், மனிதனை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பிரயாணத்துக்குப் பெண்களையும் அழைத்துப் போங்கள். கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதற்காக அல்ல, பார்ப்பதற்காக. தேங்காய், கற்பூரம் வாங்கும் காசுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்குங்கள். கல்லெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர் கிடைத்தால் அவரை முன்ஸீட்டில் உட்கார வையுங்கள். கண்டதை எழுதி, திரும்பி வந்து, அடுத்த பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் சுற்றி வருபவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்களுள் பத்துப் பேர் நின்று கேட்டாலும், வாடகைப் பணம் வீண்போகவில்லை என்போம்.