மைதானத்துக் கூட்டமும் ஆட்டத்தின் நேர்மையும்

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் பாதையில், அறுவடை முடிந்த காலத்து மாலை வேளையிலே பயணஞ் செய்தோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். ஒட்டு வெட்டிய வயலிலோ, பாடசாலையை அடுத்த திடலிலோ நான்கு கம்புகள் நடப்பட்டிருக்கும். இருபது இருபத்திரண்டு இளைஞர் ஒரு பந்தின் பின்னே ஓடுவர். வரம்பின் மேல் முதியோர் குந்தியிருப்பர். துவிச்சக்கர வண்டியை நிறுத்தி ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிற்பர். கட்டணம் இல்லை, ஆசனம் இல்லை, பரிசும் பெரிதில்லை. ஆயினும் கூட்டம் நிற்கிறது.

அதே வேளையில் இலட்சக்கணக்கான ரூபாயைச் செலவிட்டுத் தலைநகரிலே நடத்தப்படும் ஆட்டங்களில் ஆசனங்கள் வெறுமையாய்க் கிடப்பதையும் நாம் தொலைக்காட்சியிற் கண்டிருக்கிறோம். கூட்டத்தை மைதானத்துக்கு இழுத்து வருவது யாது? அணிகள் சமபலம் உடையனவாய் இருத்தலா? ஊர்ப்பற்றா? ஆட்டம் நேர்மையாய் நடக்கும் என்னும் நம்பிக்கையா? உலகின் உதைபந்தாட்ட லீக்குகளை ஒப்புநோக்கி இவ்வினாவுக்கு விடை தேடுவது வீண் பொழுதுபோக்கன்று. நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் எதிர்காலம் இதிலே சிறிதளவேனும் தங்கியிருக்கிறது.

பொருளியலாளர் இவ்விடயத்தை நெடுநாளாய் ஆராய்ந்து வருகின்றனர். 1956இல் அமெரிக்கரான சைமன் ரொட்டன்பேர்க் என்பார், பேஸ்போல் ஆட்டத்தை ஆராயுமிடத்து, முடிவு இன்னதென்று முன்கூட்டியே தெரியாதிருத்தலே பார்வையாளரை ஈர்க்கும் என்று கருத்துரைத்தார். 1964இல் வால்ட்டர் நீல் அதனை மேலும் விளக்கினார். குத்துச்சண்டை வீரன் ஜோ லூயிசுக்கு வருவாய் தந்தது அவனுடைய வலிமை மட்டுமன்று. அவனோடு பொருதத்தக்க எதிரி ஒருவன் இருந்தமையுமாகும். கடைக்காரனுக்கு எதிர்க்கடை மூடப்பட்டால் இலாபம். விளையாட்டுக் கழகத்துக்கோ எதிர்க்கழகம் நலிந்தால் நட்டம். இக்கொள்கை கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் மைதானங்களின் கணக்கு இதனோடு முற்றாக ஒத்துப்போகவில்லை.

முதலில் ஜேர்மனியை நோக்குவோம். அங்கே பயேர்ன் மியூனிக் கழகம் 2013 முதல் 2023 வரை தொடர்ச்சியாகப் பதினொரு முறை வாகை சூடியது. ரொட்டன்பேர்க் கூறியது முழுதும் மெய்யானால் ஜேர்மன் மைதானங்கள் வெறிச்சோடியிருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு. உலகின் உதைபந்தாட்ட லீக்குகளுள் சராசரிக் கூட்டத்தில் முன்னணியில் நிற்பனவற்றுள் ஒன்று ஜேர்மன் புண்டஸ்லீகா. ஓர் ஆட்டத்துக்கு 38,000 பேருக்கு மேல் வருகின்றனர். டோர்ட்முண்ட் நகரிலே எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 25,000 பேர் தெற்குப் பக்கத்திலே நின்றபடியே ஆட்டத்தைக் காண்கின்றனர். நின்று பார்ப்போருக்குக் கட்டணம் குறைவு. கழகத்தின் வாக்குரிமையிற் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. கிண்ணம் கிட்டாவிடினும் கழகம் தம்முடையது என்னும் எண்ணம் அவர்களுக்கு உண்டு. 2024இல் பயேர்னின் சங்கிலியை அறுத்து, ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாது வாகை சூடிய லெவர்குசன் கழகமோ, ஒரு மருந்துக் கம்பனியின் உடைமையாய் இருப்பதற்கு அவ்விதியிலிருந்து விலக்குப் பெற்ற கழகமாகும். ஆகவே நல்ல விதி ஒன்று எல்லா நன்மையையும் ஒருங்கே தந்துவிடும் என்று நாம் நம்பிவிடலாகாது.

ஸ்கொட்லாந்தின் கதை இதனினும் விந்தையானது. 1985இல் அபர்டீன் கழகம் வென்றதன் பின்னர் 2025 வரை நாற்பது பருவங்களிலும் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்னும் இரு கிளாஸ்கோக் கழகங்களைத் தவிர வேறெவரும் லீக் வாகை சூடியதில்லை. எனினும் குடித்தொகையோடு ஒப்பிடுமிடத்து ஐரோப்பாவிலே மைதானத்துக்குச் செல்வோர் மிகுந்த நாடுகளுள் அதுவே முன்னிற்கிறது. தந்தை சென்ற மைதானத்துக்கு மகனும் செல்கிறான். வெற்றியை எதிர்பார்த்தன்று, வழக்கத்தினாலும் பற்றினாலும்.

இங்கிலாந்தின் கணக்கு நமக்கு வேறொரு பாடத்தைத் தருகிறது. இரண்டாம் உலகப் போரின் பின் 1948-49 பருவத்தில் அந்நாட்டு லீக் ஆட்டங்களை நான்கு கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். 1985-86 பருவத்தில் அத்தொகை ஒரு கோடியே அறுபத்தைந்து இலட்சமளவிற்கு வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கு அணிகளின் ஏற்றத்தாழ்வு மட்டுமே காரணமென்று கூறுதல் இயலாது. மைதானங்களிலே மலிந்த வன்முறை, இடிந்து கிடந்த படிக்கட்டுகள், வீட்டிற்குள் நுழைந்த தொலைக்காட்சி ஆகியன குடும்பத்தவரை விரட்டின. 1992இல் பிரீமியர் லீக் தோன்றியபோது உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தின் பாதியை எல்லாக் கழகங்களுக்கும் சமமாகப் பங்கிடுவதென்றும், எஞ்சியதைத் தரவரிசைக்கும் ஒளிபரப்பான ஆட்டங்களின் தொகைக்கும் ஏற்பப் பிரிப்பதென்றும் ஒழுங்கு செய்தனர். ஆனால் அதற்கு முன்பே, 1983இல், வாயிற் கட்டணத்தில் ஒரு பங்கை வருகை தரும் அணிக்கு அளித்து வந்த பழைய முறை கைவிடப்பட்டிருந்தது. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் ஓரளவு திருப்பிக் கொடுத்தனர் எனலாம்.

அந்த ஓரளவின் பயனே 2016. முந்திய பருவத்தில் கீழிறக்கத்தினின்றும் அரும்பாடுபட்டுத் தப்பிய லெஸ்டர் நகரக் கழகம் அவ்வாண்டு வாகை சூடியது. பந்தயக்காரர் அதற்கு ஒன்றுக்கு ஐயாயிரம் என விலை கூறியிருந்தனர். இத்தகைய அதிசயம் ஒரு தலைமுறைக்கு ஒரு முறை நிகழ்ந்தாலும் போதும். சிறிய ஊரவன் ஐம்பது ஆண்டுக்கு நம்பிக்கையோடு மைதானத்துக்குச் செல்வான். ஆனால் 2021 முதல் 2024 வரை மான்செஸ்டர் சிற்றி தொடர்ந்து நான்கு முறை வென்றதையும் இதனோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை கண்டவற்றால் ஒன்று தெளிவாகிறது. நாம் ‘நியாயம்’ என்று ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரண்டு பொருளாகும். ஒன்று பலச் சமநிலை. அஃதாவது எந்த அணியும் எந்த அணியையும் வெல்லக்கூடிய நிலை. மற்றது நடுவுநிலை; அஃதாவது விதி எல்லாருக்கும் ஒன்றாய் இருப்பதும், மத்தியஸ்தரின் விசில் விலைபோகாதிருப்பதும், வென்றவனுக்கு வென்றதன் பயன் கிட்டுவதும் ஆகும். முன்னது குறைந்தாலும் கூட்டம் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு ஜேர்மனியும் ஸ்கொட்லாந்தும் சான்று. பின்னது குறைந்தால் என்னாகும்?

அதற்கு மலேசியாவைப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் மலேசியக் கிண்ண ஆட்டங்களுக்கு மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். சிங்கப்பூரின் தேசிய அரங்கிலே 55,000 பேர் நிறைந்திருந்த இரவுகள் உண்டு. 1994இல் ஆட்டங்கள் பணத்துக்கு விற்கப்பட்டமை அம்பலமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். பல வீரர் தடைசெய்யப்பட்டனர். அவ்வாண்டு கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அத்துடன் அப்போட்டியை விட்டு விலகி, 1996இல் தனக்கென ஒரு லீக்கைத் தொடங்கிற்று. பழைய கூட்டம் அங்கும் திரும்பவில்லை. மலேசியாவிலும் நெடுநாள் திரும்பவில்லை. தோற்ற அணியை இரசிகன் மன்னிப்பான். ஆட்டத்தை விற்ற அணியை அவன் மன்னிப்பதில்லை.

இனி நம் அயலுக்கு வருவோம். இந்தியாவிலே கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு கழகங்கள் 1997 ஜூலை 13ஆம் நாள் கூட்டமைப்புக் கிண்ண அரையிறுதியிற் பொருதியபோது சோல்ட் லேக் அரங்கில் 1,31,781 பேர் கூடினர். 2014இல் தொடங்கிய இந்திய சூப்பர் லீக்கிலே கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்குக் கொச்சியில் கூடிய கூட்டம் பெரும் புகழ் பெற்றது. அவ்வணி 2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்றது. எனினும் மஞ்சள் உடை அணிந்தோர் கூட்டம் கலைந்துவிடவில்லை.

ஆனால் அதே கேரளத்தின் கோகுலம் கழகத்துக்கு நேர்ந்ததையும் எண்ண வேண்டும். அது 2021இலும் 2022இலும் அடுத்தடுத்து ஐ-லீக் வாகை சூடியது. உலக வழக்கின்படி அது மேல் லீக்கிற்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, அக்காலத்தில் மேல் லீக்கின் கதவு பணம் கட்டி வந்தோருக்கே திறந்திருந்தது. 2023இலேதான் பஞ்சாப் கழகம் வெற்றியின் பேரால் மேலேறிய முதல் அணியாயிற்று. சம்பள உச்சவரம்பு விதித்து அணிகளைச் சமபலமாக்க முயன்ற அதே லீக், வென்றவனுக்கு வாயிலைச் சாத்தியிருந்தது. முதலாவது நியாயத்தைத் தேடி இரண்டாவது நியாயத்தை இழந்தமைக்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

நம் நாட்டின் நிலை யாது? 2021இல் இலங்கையில் சூப்பர் லீக் என்னும் பெயரால் தொழில்முறைப் போட்டி தொடங்கிற்று. பத்துக் கழகங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் மூன்று தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றின் அணிகள். எஞ்சிய ஏழும் கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி ஆகிய இடங்களைச் சார்ந்தவை. வடக்கிலிருந்து ஒன்றுமில்லை, கிழக்கிலிருந்தும் ஒன்றுமில்லை. பெருந்தொற்றுக் காலமாதலால் ஆட்டங்கள் தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்தன. பின்னர் 2023 ஜனவரியில், வெளியார் தலையீட்டைக் காரணங் காட்டி உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்திற்று. அவ்வாண்டு ஓகஸ்டிலேதான் தடை நீங்கியது.

படையணிகளைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவை வீரருக்கு மாதச் சம்பளமும் உணவும் பயிற்சிக்கு நேரமும் அளிக்கின்றன. அந்த அளவில் அவை நாட்டின் ஆட்டத்தைக் காத்தன என்றே கூறலாம். ஆனால் காலையில் வயலிலே கூலி வேலை செய்து, மாலையிலே பந்து உதைக்கும் நாவிதன்வெளி இளைஞனும், சம்பளம் பெற்றுக் காலையிலும் மாலையிலும் பயிற்சி செய்யும் வீரனும் ஒரே மைதானத்தில் இறங்கும்போது, விதி ஒன்றாயினும் வாய்ப்பு ஒன்றன்று. மருதமுனைத் தறிக்காரரின் மகனுக்கும், நற்பிட்டிமுனையின் மேசன் தொழிலாளிக்கும் இதுவே நிலை. திறமையுள்ளவன் சில ஆண்டுகள் ஓடுவான். திருமணமானதும் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுவான். அவனோடு ஓர் ஊரின் முன்னணி வரிசையே போய்விடுகிறது.

2018இல் நடந்த வடகிழக்குப் பிரீமியர் லீக் இக்குறையை நிரப்ப முற்பட்ட முயற்சி எனலாம். இரு மாகாணங்களின் அணிகள் பொருதிய அப்போட்டியில் அம்பாறையின் பெயரைத் தாங்கிய அணியும் இருந்தது. தம் ஊரின் பெயர் உடையிலே எழுதப்பட்டிருப்பதைக் காண்பதற்கென்றே மக்கள் வருவர் என்பதை உணர்ந்தோர் செய்த முயற்சி அது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? பெரும்பணத்தை எதிர்பார்த்துக் காத்திருத்தல் வேண்டாம். பணமின்றிச் செய்யக்கூடியவை பல உள. முதலாவது, அட்டவணை. வடகீழ்ப் பருவமழையிலே கிட்டங்கித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாயும் நாட்களில், கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் ஆட்டம் குறித்துவிட்டு, நாவிதன்வெளி அணி வரவில்லையென்று மற்ற அணிக்குப் புள்ளி வழங்குவது சட்டத்துக்குப் பொருந்தலாம், நியாயத்துக்குப் பொருந்தாது. மாரி வெள்ளம், பெரும்போக அறுவடை, நோன்பு மாதம், கோயில் உற்சவம் ஆகிய நான்கையும் முன்னே வைத்துக்கொண்டு நாட்குறிப்பு வரைவதற்குக் காசு வேண்டியதில்லை.

இரண்டாவது, களம். எல்லா ஆட்டங்களும் நகரத்து மைதானத்திலேயே நடைபெறின், நகரத்து அணிக்கு ஆண்டு முழுவதும் சொந்த மண். ஒவ்வோர் அணியும் தன் ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை ஆடுவதே உலக வழக்கு. சந்தாங்கேணிக்கு வரும் கூட்டம் அன்னமலைக்கும் ஒரு மாலை வரட்டும். வாயிலிலே சிறு கட்டணம் அறவிடப்படின் அதில் ஐந்திலொரு பங்கை வந்த அணியின் வாகனச் செலவுக்குக் கொடுத்தல் தகும். இங்கிலாந்து கைவிட்ட அப்பழைய முறை நமக்கு இன்றும் உதவக்கூடும்.

மூன்றாவதே தலையாயது: மத்தியஸ்தர். நம் பிரதேசத்திலே தமிழூரும் முஸ்லிமூரும் ஒரு வேலி தாண்டி ஒன்றாய் அமைந்துள்ளன. நிருவாக எல்லை பற்றிய பிணக்குகளை நாம் அறிவோம். அவற்றின் கசப்பு மைதானத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பதுண்டு. ஒரு பெனால்ட்டி உதை தவறாய் வழங்கப்பட்டால் பிறிதோர் இடத்தில் அது ஆட்டத்தின் பிழை. இங்கே அது ஊரின் மீது செய்த அநீதியாய்க் கொள்ளப்படக்கூடும். ஆதலால் இரு ஊரையும் சாராத, முறையாய்ப் பயிற்சி பெற்ற மத்தியஸ்தரை நியமிப்பதும், அவர் பெயரை முன்கூட்டியே இரு அணிக்கும் அறிவிப்பதும், முறையீட்டுக்கு எழுத்திலே விடை அளிப்பதும் இன்றியமையாதன. இது விளையாட்டுக் காரியம் மட்டுமன்று. இரு சமூகங்கள் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டுத் தோற்கவும் வெல்லவும் பழகிக்கொள்ளும் பள்ளிக்கூடமுமாகும்.

பலச் சமநிலை நாளை வந்துவிடப் போவதில்லை. நகரத்துக் கழகம் இன்னும் பல ஆண்டுகள் கிராமத்துக் கழகத்தை வெல்லவே செய்யும். அதனாற் கூட்டம் குறைந்துவிடாது. ஸ்கொட்லாந்தின் நாற்பது ஆண்டுகள் அதற்குச் சாட்சி. வரம்பின் மேல் குந்தியிருக்கும் அம்முதியவர் தம் ஊர்ப் பிள்ளைகள் தோற்றாலும் நாளையும் வருவார். அவர் கேட்பது ஒன்றே: தோற்றது பந்தினால் இருக்கட்டும், பாதை மூடப்பட்டதனாலும் விசில் சாய்ந்ததனாலும் இருக்க வேண்டாம். அவ்வளவையேனும் அவருக்கு உறுதிப்படுத்துவது மாவட்டத்து லீக்கை நடத்துவோர் கடன்.