கறுப்புக் காயில் கிடைத்த உலகப் பட்டம்! டிங் போட்ட கணக்கு தப்பியது எப்படி?

செஸ்சில் வெள்ளைக்காய்க்குத்தான் முதல் நகர்த்தல். கறுப்புக்கு 'டிரா' கிடைத்தாலே லாபம் என்பார்கள். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் நடந்ததே வேறு!

உலகப் பட்டத்துக்கான 14-வது, கடைசி ஆட்டம். ஆளுக்கு ஆறரைப் புள்ளி. வெள்ளை, சீனாவின் டிங் லிரெனுக்கு. கறுப்பு, சென்னை வாலிபர் குகேசுக்கு (வயது 18).

டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டம். அதில் டிங் கைதான் ஓங்கும் என்று பேச்சு. அவரும் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பதுபோல் காய்களை மளமளவென்று மாற்றினார். சிப்பாய் ஒன்றையும் விட்டுக்கொடுத்தார். வெள்ளைக்காயின் சலுகை அங்கேயே போச்சு!

குகேஷ் விடவில்லை. கூடுதலாக இருந்த அந்த ஒரே சிப்பாயை வைத்து மணிக்கணக்கில் நெருக்கினார். அப்போதும் டிராவுக்கு வழி இருந்தது. 55-வது நகர்த்தலில் டிங் யானையை வெட்டுக்கு நீட்டினார். பெரிய தப்பு! யானைகள் போனதும் மூலையில் சிக்கிய அவர் மந்திரியும் தப்ப முடியவில்லை. மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். 58-வது நகர்த்தலில் டிங் கை கொடுத்துவிட்டார். ஏழரைக்கு ஆறரை!